காலத்தை மட்டும் ஏமாற்ற முடியவில்லை

இரண்டு மாதத்துக்கு முன், எங்கள் பழைய சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த நண்பர் ஒருவரின் மனைவி வீட்டுக்கு வந்தார். நண்பர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சங்கத்தைக் கலைத்து அதைவிட அதிக நாளாயிற்று.

"அண்ணே, இவர் வாங்கின கடனுக்கு ஜாமீன் போட்டவரோட பிள்ளை வந்து, கடைசித் தவணையெல்லாம் எங்கப்பாதான் கட்டினாருன்னு சொல்றான். நானே கட்டி முடிச்சிட்டேன்னுதான் இவர் சொல்லுவார். கணக்கு எங்கேயாவது இருந்தா பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

தொகை ஒன்றும் பெரிதல்ல. அவருக்குப் பணம் முக்கியமில்லை என்பது எனக்குப் புரிந்தது. கணவர் கடைசிவரை சொன்ன சொல் மெய்யா பொய்யா என்று தெரிய வேண்டும்.

சங்கத்துப் பேரேடுகளெல்லாம் 2011 டிசம்பர் 30 தானே புயலில் நனைந்து கூழாகிவிட்டன. மிஞ்சியது பீரோவின் மேல் தட்டில் இருந்த பழைய கணினி ஒன்றுதான். அதுவும் இப்போது உயிர்ப்பதில்லை. பேரன் அதன் வன்தட்டைக் கழற்றி, ஓர் இணைப்பான் மூலம் தன் மடிக்கணினியில் மாட்டினான். கோப்புகள் இருந்தன. ஆனால் அந்தக் கணக்கு மென்பொருளைத் தவிர வேறெதற்கும் அவை புரியாது. அந்த மென்பொருளோ அந்தக் காலத்து இயங்குதளத்தில் மட்டுமே ஓடும். "தாத்தா, இதை மெய்நிகர் கணினியில ஓட்டிப் பார்ப்போம்" என்றான்.

ஓடவில்லை. கிளம்பும்போதே விழுந்தது. ஏன் விழுந்தது என்று தேடிப் படித்ததில் அறுபது ஆண்டு வரலாறு ஒன்று கிடைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் மெய்நிகர் கணினி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கணினிக்குள், மென்பொருளாலேயே கட்டிய இன்னொரு கணினி அது. உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தான் விருந்தாளி என்பது தெரியாது. தனக்கென்று வன்தட்டு, நினைவகம், திரை எல்லாம் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். நாம் கொடுப்பதோ ஒரு பெரிய கோப்பு. அதைத்தான் அது வன்தட்டு என்று எண்ணிக்கொள்கிறது.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1964-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தில் இதற்கான வேலை தொடங்கியது. அன்று ஒரு கணினி ஓர் அறையை நிறைக்கும். அதன் விலைக்கு ஓர் அலுவலகமே கட்டிவிடலாம். ஆளுக்கொன்று தருவது நடக்காத காரியம். ஆகவே ஒரே இயந்திரத்தை, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணினி இருப்பதுபோலக் காட்டினார்கள். சி.பி.-40 என்று பெயரிட்ட அந்த அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. சற்றே மாற்றியமைத்த சிஸ்டம்/360 மாடல் 40 இயந்திரம் ஒன்றில் 14 மெய்நிகர் கணினிகள் ஓடின. 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். இதையே வி.எம்./370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது.

1974-ல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர், ஓர் இயந்திரத்தை இப்படி மெய்நிகராக்குவதற்கு என்னென்ன வேண்டும் என்று இலக்கணம் வகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். உள்ளே ஓடும் நிரல், நிஜ இயந்திரத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இங்கும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் முதல் விதி. ஆனால் அந்த விதியிலேயே இரண்டு விலக்குகளையும் வைத்திருந்தார்கள். நினைவகம் போன்ற வளங்கள் குறைவாகக் கிடைப்பதால் வரும் வேறுபாடு ஒன்று. நேரத்தைச் சார்ந்து வரும் வேறுபாடு மற்றொன்று.

அரசாங்க ஆணைகளைப் படித்தே காலம் தள்ளியவன் நான். விதியைவிட விலக்கை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது பழகிய பாடம். எங்கள் கணினி விழுந்ததும் அந்த இரண்டு விலக்குகளில்தான்.

முதல் வீழ்ச்சி என் தவறு. பேரன் "எவ்வளவு நினைவகம் கொடுக்கலாம், தாத்தா?" என்று கேட்டான். விருந்தாளிக்குத் தாராளமாகப் போடுவோமே என்று, "நாலு கிகாபைட் கொடு" என்றேன். 64 மெகாபைட் இருந்தாலே வசதி என்று கருதிய காலத்து மென்பொருள் அது. நான்கு கிகாபைட்டைக் கண்டு திகைத்து நின்றுவிட்டது. அந்தத் தலைமுறை இயங்குதளங்கள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. விண்டோஸ் 98 கூட, 512 மெகாபைட்டுக்கு மேல் கொடுத்தால் தடுமாறக்கூடும் என்பது ஆவணமாகவே பதிவான செய்தி. கோளாறு தெரிந்ததும் 256 மெகாபைட்டாகக் குறைத்தோம். அது அந்தப் பொய்யை மறுபேச்சில்லாமல் நம்பி, அடுத்த படிக்குப் போனது.

அடுத்த படியில் மறுபடியும் விழுந்தது. இந்த முறை எந்த எண்ணை மாற்றினாலும் பலனில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணினி கிளம்புவதை ஆங்கிலத்தில் பூட் என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சில் அதற்கு அமோர்சாஜ் என்று பெயர். அடிபம்பில் தண்ணீர் ஏறாதபோது மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போமே, அந்தச் செயலுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. முதலில் ஊற்றும் அந்தச் செம்புத் தண்ணீர் சரியாக இறங்கினால்தான் மற்றதெல்லாம் மேலே வரும். கிளம்பும் வேளையில் இயங்குதளத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவும் இன்னும் எழுந்திருப்பதில்லை. பின்னால் வந்தால் ஒரு செய்தி காட்டிவிட்டுக் கடந்துபோகக்கூடிய பிழை, அந்த நேரத்தில் வந்தால் முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும்.

அந்தத் தலைமுறை மென்பொருள்கள் கிளம்பும்போது என்ன செய்யும்? பல வேலைகளில் ஒன்று, தன் இயந்திரத்தின் வேகத்தை அளந்துகொள்வது. வட்டு, நெட்வொர்க் அட்டை போன்ற சாதனங்களுக்கு ஒரு கட்டளை இட்டபின் மிகச் சிறிய நேரம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு எண்ணினால் அந்த நேரம் கழியும் என்று தெரிய வேண்டுமே? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் வெறுமனே சுற்றும் ஒரு சுழலைக் குறிப்பிட்ட தடவை ஓட விடுவது, ஓடி முடிக்க எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்ப்பது, பிறகு வகுத்துக்கொள்வது.

விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இருந்த நெட்வொர்க் பகுதி இப்படித்தான் அளந்தது. சுழல் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான தடவை சுற்றும். விண்டோஸ் 95 வெளியானது 1995 ஆகஸ்ட் 24. அன்றைக்கு நல்ல கணினி என்றால் 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியம். அதில் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு துடிப்பு ஆகும் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சுழலும் முடிய நாற்பது, நாற்பத்தைந்து மில்லி விநாடி பிடிக்கும். கடிகாரத்தில் தெளிவாகத் தெரியும் அளவு. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. நாற்பது மடங்கு இடைவெளி விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் செயலிகளின் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று. புதிய செயலிகளில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு போதும் என்றால், பத்து லட்சத்துச் சொச்சம் சுற்றுக்கு ஏறக்குறைய 21 லட்சம் துடிப்புகள். 2.1 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு மில்லி விநாடியில் துடிப்பது எத்தனை? அதே 21 லட்சம். அந்த எல்லையைத் தாண்டிய செயலியில், சுழல் ஒரு மில்லி விநாடி ஆவதற்குள் முடிந்துவிடும். கடிகாரமோ மில்லி விநாடிக்குக் கீழே காட்டாது. மூட்டை நிறுக்கும் தராசில் ஓர் ஏலக்காயை வைத்தால் முள் அசையாதது போல, விடை பூஜ்யம் என்று வரும். அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போகும். பூஜ்யத்தால் வகுக்காதே என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததைச் செயலியும் அறியும். மறுத்துவிடும். விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர் என்ற ஒரு வரியோடு திரை நின்றுவிடும்.

2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலிகளில் இந்தப் பிழை வரும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பின்னர் ஒரு குறிப்பில் தெரிவித்தது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். விண்டோஸ் 95-க்கு அந்நிறுவனம் தந்துவந்த ஆதரவு 2001 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல்லின் 2.2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியானது 2002 ஜனவரி 7-ஆம் தேதி. ஓய்வுபெற்ற ஏழாம் நாள் பழைய கோப்பில் ஆட்சேபணை வந்ததைப் போல!

இது முதல் எச்சரிக்கையும் அல்ல. 1998-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே6-2 செயலி 350 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வந்தபோதே விண்டோஸ் 95 கிளம்பும்போது விழத் தொடங்கியது. அதே வேகமுள்ள இன்டெல் செயலியில் விழவில்லை. பார்த்தவர்கள் புதிய செயலிதான் பழுது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் சுழலைச் சுற்றும் அந்த ஒரு கட்டளையை இன்டெல் செயலி பல துடிப்புகளில் செய்ய, ஏ.எம்.டி. செயலி ஒரே துடிப்பில் செய்து முடித்தது. கெட்டிக்காரத்தனம்தான் குற்றமாகப் போயிற்று. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது.

நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு டர்போ பாஸ்கல் நினைவிருக்கும். அதில் எழுதிய நிரல்கள், செயலி வேகம் சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் பிழை எண் 200 என்று காட்டி நின்றன. அங்கும் ஒரு வேக அளவுதான். 55 மில்லி விநாடியில் எத்தனை சுற்று என்று எண்ணி, 55-ஆல் வகுத்து, விடையை 65,535-க்கு மேல் கொள்ளாத ஒரு கட்டத்தில் எழுதினார்கள். விடை கட்டத்துக்குள் அடங்காமல் போனபோது, செயலி அதையும் பூஜ்யத்தால் வகுத்த பிழை போலவே அறிவித்தது.

இன்னும் பின்னால் போனால் நம் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக் கணினிப் பெட்டிகளில் டர்போ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வேகம் கூடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வோம். அது இருந்த காரணமே வேகத்தைக் குறைக்கத்தான். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாக எண்ணி எழுதிய விளையாட்டுகள், பின்னால் வந்த வேகமான கணினிகளில் தலைதெறிக்க ஓடின. அவற்றுக்காக இயந்திரத்தைத் தளர்நடை நடக்க வைக்கும் பொத்தான் அது.

மெய்நிகர் கணினிக்கு அந்தப் பொத்தான் கிடையாது. இதுதான் விஷயத்தின் மையம். சாதாரண மேசைக் கணினிகளில் இந்த வித்தையைச் செய்து காட்டிய வி.எம்.வேர் நிறுவனம் 1998-ல் தொடங்கி, 1999-ல் முதல் மென்பொருளை வெளியிட்டது. 2005, 2006-ல் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் செயலிக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007-ல் வந்த விர்ச்சுவல் பாக்ஸ், வீட்டில் இருப்பவர்களும் இலவசமாகப் பயன்படுத்தும்படி ஆக்கியது. இவை வேகமாக ஓடுவதன் ரகசியம், உள்ளிருக்கும் விருந்தாளியின் கட்டளைகளை நிஜச் செயலியிடமே நேராகக் கொடுத்துவிடுவதுதான். ஆகவே நினைவகத்தைச் சிறிதாகக் காட்டலாம், வட்டைச் சிறிதாகக் காட்டலாம், பழைய திரை அட்டையைக் காட்டலாம். இன்றைய செயலியை 1995-ஆம் ஆண்டுச் செயலியாகக் காட்ட முடியாது. செயலி நேரத்தில் இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு போடும் வசதி உண்டு. நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஓடும் கொஞ்ச நேரமும் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. கண்சிமிட்டும் நேரத்துக்குள் முடியும் சுழலுக்கு அது எந்த மூலைக்கு?

வேகத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு கோளாறும் இந்தப் பழைய விண்டோஸ்களுக்கு உண்டு. நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதற்குச் செயலி ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். இடம் மாறினால் பழைய குறிப்பை அடித்துவிடும்படி இயங்குதளம் சொல்ல வேண்டும். சில இடங்களில் அப்படிச் சொல்லத் தவறியிருக்கிறார்கள். அன்றைய செயலிகளில் அது வெளியே தெரியவில்லை. அண்மைத் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில், மெய்நிகர் கணினிக்குள் ஓட்டும்போது தெரிந்துவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து வெளிவந்த தணிக்கைக் குறை!

சரி, வழி என்ன? நான் படித்தும் பட்டும் அறிந்த வரிசையைச் சொல்கிறேன். முதலில், எதையும் மூலத்தில் செய்யாதீர்கள். வட்டை அப்படியே நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதே என்பது அலுவலகத்தில் நாம் கற்ற பழைய விதிதான். இரண்டாவது, நினைவகத்தைக் குறையுங்கள். மூன்றாவது, எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். தேவையில்லாத பகுதிகள் ஏற்றப்படாத சேஃப் மோடில் கிளம்பினால், பழுது ஏதோ ஒரு கூடுதல் பகுதியில் என்று பொருள். நான்காவது, ஆர்வலர்கள் இந்தப் பிழைகளைத் திருத்தித் தரும் சிறு நிரல்களை எழுதியிருக்கிறார்கள். அவை பழைய கோப்புகளை மாற்றி எழுதும். விண்டோஸ் 95, 98 வைத்திருப்பவர்கள் பலருக்கு அதுவே போதும்.

கடைசி வழியைத்தான் நாங்கள் எடுத்தோம். மெய்நிகர் கணினியை விட்டுவிட்டு, எமுலேட்டர் எனப்படும் பாவனைக் கணினிக்குப் போனோம். இது செயலியையே மென்பொருளால் நடித்துக் காட்டும். ஒவ்வொரு கட்டளையையும் தானே படித்து, தானே செய்யும். அதனால் மிக மெதுவாக ஓடும். ஆனால் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது நம் கையில். டாஸ் நிரல்களுக்கு டோஸ்பாக்ஸ் இருக்கிறது. முழுப் பழைய கணினியையே நடித்துக் காட்ட 86பாக்ஸ் போன்றவை இருக்கின்றன. பேரனின் புத்தம் புதிய மடிக்கணினி, மிகவும் பாடுபட்டு, தன்னை ஒரு கிழட்டுப் பென்டியமாகக் காட்டிக்கொண்டது.

பழைய இயங்குதளம் தனக்குத் தெரிந்த வேகத்தைக் கண்டதும் முனகாமல் எழுந்துகொண்டது. கணக்கு மென்பொருள் திறந்தது. உறுப்பினர் எண்ணைத் தட்டினேன். தவணைகள் வரிசையாக வந்தன. முப்பத்தாறு தவணையில் இரண்டுக்கு நேரே மட்டும் ஜாமீன்தாரர் பெயர் இருந்தது. அந்த இரண்டு தொகையும் நான்கு மாதம் கழித்து அவருக்கே திருப்பித் தந்ததாக எதிர்ப்பதிவும் இருந்தது. கடைசித் தவணை நண்பர் பெயரிலேயே. ஆக இருவரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அறிந்தது பாதிக் கணக்கு, அவ்வளவுதான்.

அந்த அம்மாவை வரச்சொல்லித் திரையில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அந்தப் பிள்ளைக்கும் இதைக் காட்டிடுங்க அண்ணே, சங்கடப்படப் போறான் பாவம்" என்று மட்டும் சொன்னார். காட்டினோம்.

நாற்பது மடங்கு இடம் விட்டும் போதவில்லையே என்று அந்தப் பழைய நிரலாளர்களை எண்ணி நான் சிரிக்கவில்லை. பணியில் இருந்தபோது, சம்பளக் கட்டத்தில் நான்கு இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்ட படிவத்தை அச்சுக்கு அனுப்பியவன் நான். ஐந்தாவது இலக்கம் எந்தக் குமாஸ்தாவுக்கு வரப்போகிறது என்று அன்று நினைத்தேன். சில ஆண்டுகளில், கட்டத்துக்கு வெளியே எழுத்தை நுணுக்கி எழுதிக்கொண்டிருந்ததும் நானேதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதற்குள் யாரோ ஒருவருடைய கணக்கு நேர்செய்யப்படாமல் இருக்கலாம். வட்டு சுழலும்போதே நகலெடுத்து வையுங்கள். நகல் இருந்தால், அதைப் படிக்கும் வழியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.